பாலியில் வாங்காத வாத்து

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, ஒரு கையால் பேண்டை இறுக்கிப் பிடித்தபடி நின்ற நேரத்தில்தான் ஷிபு அந்தச் சபதத்தை எடுத்தான். சபதம் எடுக்க இதைவிடக் கம்பீரமான நிலைமை வாய்த்திருக்கலாம். வாய்க்கவில்லை.

"ஏட்டி ஆன்ஸி, இப்பவே சொல்லிட்டேன். பாலியில ஒரு குண்டூசி வாங்கப்பிடாது. போறோம், பாக்கோம், வாறோம். கையை வீசிட்டுப் போய்க் கையை வீசிட்டு வாறோம்."

"வீசதுக்கு எனக்குக் கை எங்க இருக்கு?" என்றாள் ஆன்ஸ்லின். இடுப்பில் பிள்ளை ஜெரிஷ். ஒரு தோளில் பால்பை, மறு தோளில் மருந்துப்பை. "நான் இப்ப என்னமும் வேணும்னு கேட்டனா? பிளேன்ல ஏறணுமேன்னே எனக்குப் பயமாட்டு இருக்கு."

ஷிபுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் மனைவிக்குப் பயம் என்பது ஒரு முழுநேர வேலை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து சம்பளமில்லாமல் பார்த்து வருகிறாள். லிப்டுக்குப் பயம். கேஸ் சிலிண்டருக்குப் பயம். திராட்சைப் பழத்துக்குப் பயம், தொண்டையில் மாட்டிவிடுமாம். பிள்ளை அழுதால் பயம். அழாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிற அளவுக்கு அதைவிடப் பயம். பயந்த பெண்டாட்டியால் செலவு கிடையாது என்பது ஷிபுவின் சித்தாந்தம். பயந்தவள் கடைக்குள் நுழையமாட்டாள். நுழைந்தாலும் தொடமாட்டாள். தொட்டாலும் கிருமி என்று கையைக் கழுவிவிடுவாள்.

சபதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சிஜின்.

சிஜின், ஆன்ஸ்லினின் அக்காள் ஜெப்சியின் கணவர். வளைகுடாவில் சம்பாதித்தவர். போன நாட்டிலெல்லாம் ஒரு பொம்மை வாங்கி வருவார். துபாயிலிருந்து ஒட்டகம், சிங்கப்பூரிலிருந்து சிங்கம், இலங்கையிலிருந்து யானை. அவருடைய புதுவீட்டுப் பிரதிஷ்டை அன்றைக்கு, ஹாலில் நின்ற கண்ணாடி ஷோகேஸின் முன்னால் சபையே கூடி வாய் பிளந்து நின்றது. ஷிபுவால் பொறுக்க முடியவில்லை. "அந்த நாட்டுக்காரன் விறகுக்கு வெட்டிப் போட்டதையெல்லாம் நம்ம சிஜின் அண்ணன் விலை கொடுத்து வாங்கிட்டு வந்திருக்காரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். போதகர்கூட ஜெபப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

சிஜின் சிரிக்கவில்லை. "நீயும் ஒருநாள் பிளேன் ஏறுவ மக்கா. அன்னைக்கு உனக்க வீட்டு ஷோகேஸைப் பாக்க நான் வருவேன்."

கொட்டாரத்தில் ஷிபு கட்டிய வீட்டிலும் ஒரு ஷோகேஸ் இருந்தது. அதற்குள் இருந்தது ஒரே ஒரு கேடயம். ஆரல்வாய்மொழியில் அவன் வேலை பார்க்கும் காற்றாலைக் கம்பெனி பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்தது. மீதியெல்லாம் காற்று. காற்றை வைத்துப் பிழைக்கிறவன் வீட்டில் காற்று இருப்பதில் தப்பில்லை என்பான். ஆன்ஸ்லின் சனிக்கிழமைதோறும் அந்தக் காலிக் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பாள். துடைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கும். மறுபடி துடைப்பாள்.

பாலிக்குப் போவதுகூட ஆசையால் இல்லை. ரெண்டு வயது முடிவதற்குள் கூட்டிப்போனால் பிள்ளைக்கு டிக்கெட் கொஞ்சம்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதை விடுவதற்கு ஷிபுவுக்கு மனமில்லை. மலிவாய்க் கிடைத்தால் அவன் சந்திர மண்டலத்துக்கும் போவான்.

பாலியில் நாலு நாள் சபதம் சிங்கம் போல நின்றது. கடைத்தெருவில் ஷிபு முன்னால் நடந்தான். கடைக்காரர்கள் கூப்பிட்டபோது வானத்தைப் பார்த்தான். மரத்தில் கொத்திய பூனை, தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி, பிரம்புக் கூடை, சாயத்துணி. எல்லாவற்றையும் கடந்தான். சிப்பித் திரைச்சீலை தொங்கிய கடைமுன் மட்டும் நின்று ஒரு பிரசங்கம் செய்தான்.

"பாத்தியா? கன்னியாகுமரி கடற்கரையில கிடக்குத சிப்பியைவிட இது என்ன ஒசத்தியா? நம்ம ஊருக்கு வாறவன் அங்க ஏமாறுகான். நாம இங்க வந்து ஏமாறணுமா?"

"நான் கேக்கவே இல்லியே," என்றாள் ஆன்ஸ்லின், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "மேல் லேசா சுடுகா பாருங்க. எனக்குப் பயமாட்டு இருக்கு."

ஐந்தாம் நாள், ஊருக்குத் திரும்பும் நாள். பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே உபுத் சந்தைக்குப் போனார்கள். சும்மா பார்க்க. கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒரு கடையின் வாசலில் அது நின்றது.

வாத்து. மூங்கில் தூரைக் கவிழ்த்து, வேர்முடிச்சையே தலையாகச் செதுக்கி, பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஷிபுவையே பார்த்தது. காலில் பூட்ஸ். முழங்கால் வரைக்கும் மஞ்சள் வர்ணம் அடித்த, மழைக்குப் போடுகிற பூட்ஸ்.

"தாராவு!" என்று கத்திக்கொண்டு ஜெரிஷ் அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஒட்டுண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டான். பிய்க்கப் போனபோது அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

கடைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். நடுவயது. எல்லோரும் அவளை 'இபு' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். கையில் பெரிய கால்குலேட்டர். ஒரு தொகையைத் தட்டிக் காட்டினாள். பாலிக் காசில் ஒரு இளநீருக்கே வரிசையாய்ச் சைபர் வரும். வாத்துக்கு வந்த சைபர்கள் கண்ணாடியை விட்டு வெளியே விழுந்துவிடும்போல் இருந்தன.

"வா, போவோம்," என்றான் ஷிபு.

"ஆமா, போவோம்," என்றாள் ஆன்ஸ்லின் உடனே. "நமக்குக் கட்டாது. சிஜின் அத்தான் இங்க வந்தப்ப இதே மாதிரி ஒண்ணுக்கு விலை பேசினாவளாம். பாதிக்குக் கீழ குறைக்கவே முடியல்லியாம். விட்டுட்டு வந்துட்டாவளாம். அக்கா சொன்னா."

ஷிபு நின்றான்.

"சிஜின் அண்ணனுக்குக் குறைக்க முடியல்லியா?"

"அவியளுக்கே முடியல்ல."

"அவியளுக்கேன்னா என்னட்டி அர்த்தம்?"

"இல்ல, அவிய பல நாடு போனவிய. பேசத் தெரிஞ்சவிய. அதான்."

"வடசேரி சந்தையில ரத்தினம் அக்காகிட்ட வெளமீனைச் சாளை விலைக்கு வாங்கினவன் நானாக்கும்."

"அது மீனுல்லா. இது தாராவு."

"விலை பேசதுக்கு மீனென்ன, தாராவென்ன? வாங்கதுக்கில்ல கேட்டியா. குறைச்சுக் காட்டதுக்கு. குறைச்சுக் காட்டிட்டு நடந்திருவேன். நீ சிஜின் அண்ணன்கிட்ட சொல்லு."

"வேண்டாங்க. வாங்காம விலை பேசுகது... எனக்குப் பயமாட்டு இருக்கு."

பயப்படாதே என்று சொல்லிவிட்டு ஷிபு சட்டைக்கையை மடித்தான். வாத்தைத் தூக்கினான். கூடவே ஜெரிஷும் தூக்கப்பட்டான். திருப்பிப் பார்த்தான். பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தான். கழுத்தடியில் கட்டைவிரலை விட்டுச் செவுள் சிவப்பாய் இருக்கிறதா என்று தேடியது, அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. கீழே வைத்தான். உதட்டைப் பிதுக்கினான். கால்குலேட்டரை வாங்கி, அவள் சொன்னதில் எட்டில் ஒரு பங்கைத் தட்டினான்.

இபு நெஞ்சில் கை வைத்தாள். செத்துப்போகிறவள் மாதிரி கண்ணை மூடினாள். திறந்தாள். ஷிபுவின் தோளுக்கு மேலே, பின்னாலே எங்கேயோ ஒரு தரம் பார்த்தாள். பிறகு கொஞ்சம் குறைத்தாள்.

ஷிபு நாலடி நடந்தான். அவள் கூப்பிட்டாள். திரும்பினான். அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். இன்னும் குறைத்தாள். அவன் மறுபடி நடந்தான். அவள் மறுபடி பார்த்தாள். வானத்தைப் பார்த்துத் தெய்வத்திடம் முறையிடுகிறாள் என்று நினைத்து ஷிபு உள்ளுக்குள் பூரித்தான். ரத்தினம் அக்காளும் இப்படித்தான், தோற்கிற நேரத்தில் மேலே பார்ப்பாள்.

கடைசியில் ஷிபு நாலில் ஒரு பங்கு வரை ஏறி நின்றான். இபு கையெடுத்துக் கும்பிட்டாள். "ஓகே, பாஸ். யுவர் பிரைஸ். மார்னிங் பிரைஸ். ஃபர்ஸ்ட் கஸ்டமர்."

ஷிபு மார்பை நிமிர்த்தினான். "பாத்தியா? நாலில் ஒண்ணு. சொல்லு உனக்க அத்தான்கிட்ட. வா, போவோம்."

"போவவா?" ஆன்ஸ்லினின் முகம் வெளுத்திருந்தது. "ஏங்க, இது கைநீட்டமாக்கும். அந்த அக்காவுக்கு இன்னைக்கு முதல் வியாபாரம். விலை பறஞ்சு, அவளும் ஒத்துக்கிட்ட பொறகு எடுக்காம போனா என்ன ஆவும்? ரத்தினம் அக்கா என்ன செஞ்சா?"

ஷிபுவுக்கு ஞாபகம் வந்தது. ஒருமுறை விலை பேசி முடித்துவிட்டு மீனை எடுக்காமல் நடந்தான். ரத்தினம் அக்காள் மீன் கழுவின தண்ணீரை அவன் மேலே வீசி, அவனுடைய ஏழு தலைமுறையையும் சந்தைக்கு நடுவில் நிறுத்தி ஒவ்வொன்றாய் விசாரித்தாள். அதற்குப் பிறகு ரெண்டு மாதம் ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் மீன் வாங்கினான்.

"இவ ஒண்ணும் செய்யமாட்டாட்டி. சிரிச்சிட்டுல்லா நிக்கா."

"சிரிச்சிட்டே சாபம் போட்டா? ரத்தினம் அக்கா போட்டது தமிழ். நமக்குப் புரிஞ்சுது. புரிஞ்ச சாபத்துக்கு நான் முட்டங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். இவ போடுகது நமக்குப் புரியாதுல்லா? புரியாத சாபத்துக்கு எப்பிடி ஜெபம் பண்ணுகது? சாயங்காலம் கடலுக்கு மேல பிளேன்ல போணும். பிள்ளையும் கையில. எனக்குப் பயமாட்டு இருக்குங்க."

கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வகுப்பு படித்தவள் இப்படிப் பேசலாமா என்று ஷிபு கேட்க நினைத்தான். அதற்குள் அவன் கை பர்ஸை எடுத்துவிட்டது. கடலும் பிளேனும் ஒரே வாக்கியத்தில் வந்தது அவனுக்கும் பிடிக்கவில்லை.

இபு நோட்டை வாங்கிக் கடையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அதால் தட்டினாள். "லக்கி, லக்கி" என்றாள். ஷிபுவின் தலையையும் ஒரு தட்டு தட்டினாள்.

"பிள்ளைக்கு டயப்பர் மாத்திட்டு வாறேன். நீங்க வண்டியைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு ஆன்ஸ்லின் பிள்ளையோடும் பிள்ளையின் பெட்டியோடும் கடைக்குள் போனாள். வர நேரமானது. பெரிய டயப்பராக இருக்கும் என்று ஷிபு நினைத்தான்.

விமான நிலையத்தில் பிள்ளையின் பெட்டியைத் தூக்கியவன் திடுக்கிட்டான். "என்னட்டி இது, போவும்போது இருந்ததைவிடக் கனம்? கொண்டுவந்த பால்பொடி, பிஸ்கட் எல்லாம் தீந்துபோச்சே!"

"ஈர டயப்பராக்கும்."

"ஈர டயப்பரையா ஊருக்குச் சுமக்க?"

"பின்ன, அந்நிய நாட்டுல பிள்ளைக்க டயப்பரைப் போட்டுட்டு வரவா? ஆராவது எடுத்து என்னமாவது செஞ்சா? திறக்காதீங்க! கை கழுவினியளா?"

ஷிபு திறக்கவில்லை. ஈர டயப்பர் பெட்டியைத் திறக்கிற வீரம் உலகத்தில் எந்த ஆண்பிள்ளைக்கும் கிடையாது.

ஊர் வந்ததும் வாத்தைப் போர்வையில் சுருட்டிப் பரணில் ஏற்றினான். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாக ஊருக்குத் தெரிந்தால் போதும். சொன்ன சொல் பூட்ஸ் போட்டுக்கொண்டு பரணில் படுத்திருப்பது தெரிய வேண்டாம்.

மறுநாளே சிஜின் வந்தார். செருப்பைக்கூட வாசலில் சரியாய்க் கழற்றாமல் நேரே ஷோகேஸுக்குப் போனார்.

"பாத்துக்கிடுங்க அண்ணே. ஒரு தூசி கிடையாது," என்றான் ஷிபு.

"ஆமா மக்கா. தூசிகூட இல்ல. பாவம், ஆன்ஸிதான் துடைக்கா."

அந்த நேரத்தில் ஜெரிஷ் பரணைக் கைகாட்டி, "தாராவு! மேல தாராவு!" என்று குதித்தான்.

ஷிபுவின் உயிர் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை ஆன்ஸ்லின் காப்பாற்றினாள். "பல்லியைப் பாத்தா அப்பிடித்தான் சொல்லுவான், அத்தான். எனக்குப் பல்லின்னா பயம்லா, அதான் அவனும் கத்துகான்."

என்ன விசுவாசமான மனைவி என்று ஷிபு உருகினான். ஆனால் பிள்ளை வாயை எத்தனை நாளைக்கு மூடமுடியும்? சிஜின் கிளம்பிப் போனதும் வெப்ராளத்தோடு, நிலைகொள்ளாமல் ஹாலில் நடந்தான்.

"எனக்கும் பயமாட்டுதான் இருக்கு," என்றாள் ஆன்ஸ்லின். "அத்தான் அடிக்கடி வருவாவ. கோயில்ல அறுப்பின் பண்டிகை வேற வருகு. நாலு நாளும் எல்லாரும் இந்த வழியாத்தான் போவாவ."

அறுப்பின் பண்டிகை! ஷிபுவுக்குள் பல்பு எரிந்தது. அவனே யோசித்த யோசனை. விளைந்ததில் முதல்பங்கைச் சபைக்குப் படைத்து, அதைக் கோயில் வளாகத்தில் ஏலம் விடுகிற பண்டிகை. வாழைக்குலையும் கோழியும் பலாச்சக்கையும் முருங்கைக்காயும் வரும். யார் வைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாத்தையும் வைத்துவிட்டால்?

"ஏலத்துக்கா?" ஆன்ஸ்லின் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "ஆண்டவருக்குக் கொடுத்தா நல்லதுதான். பொம்மைன்னா சிஜின் அத்தான் விடமாட்டாவ. எம்புட்டு ஆனாலும் எடுத்துருவாவ."

ஷிபு நின்ற இடத்திலேயே மலர்ந்தான். சிஜின் எடுப்பார். கட்டாயம் எடுப்பார். ஏலத்தில் கூடவே நின்று விலையை ஏற்றிவிட்டால், அந்த விறகை ஊரறியச் சிஜின் தலையில் கட்டலாம். பாலியில் குறைத்துக் காட்டியவன் கொட்டாரத்தில் ஏற்றிக் காட்டுவான்.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம் தொடங்கியது. ஏலம் விடுகிறவர் சபைச் செயலாளர் ரசலையன். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். கோயில் ஏலத்தில் யாரும் லாபம் பார்ப்பதில்லை. போன வருஷம் ஒரு எலுமிச்சம்பழம் பட்டுச்சேலை விலைக்குப் போனது. எடுத்தவர் அதைப் பிழிய மனமில்லாமல் கழுவிக் கழுவி வைத்திருந்தார்.

செவ்வாழைக்குலை போனது. சேவல் போனது. அடுத்து ரசலையன் போர்வையைப் பிரித்தார். பந்தல் முழுதும் எழுந்து நின்றது.

"அன்பான சபையாரே, இது ஒரு தாராவு. பூட்ஸ் போட்டிருக்கு. இது எந்த வயல்ல விளஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. விளைச்சலைக் கொடுத்தவருக்கு ஸ்தோத்திரம். ஆரு கேக்கியோ?"

சிஜின் கேட்டார். ஷிபு ஏற்றினான். சிஜின் ஏற்றினார். ஷிபு அதற்கு மேல் ஏற்றினான். பந்தலில் கைதட்டல். "ஷிபு ஏலம் கேக்கானா? கர்த்தருடைய வருகை சமீபம்!" என்றார் யாரோ.

விலை எலுமிச்சம்பழத்தைத் தாண்டியது. ஷிபுவுக்கு லேசாக வியர்த்தது. "போதுமாட்டி?" என்று திரும்பாமலே கேட்டான்.

பின்னால் பிள்ளையோடு நின்ற ஆன்ஸ்லின் காதோரம் குனிந்தாள். "அத்தான் மூஞ்சியைப் பாருங்க. விடதுக்கு மனசில்ல. இன்னும் ஒரு ஏத்து ஏத்துங்க. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று அவள் வாயால் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஷிபு வீரப்பட்டான். ஒரு பெரிய ஏற்றாக ஏற்றினான்.

எதிர்வரிசையில் ஜெப்சி அக்காள் தன் கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து மெதுவாக இழுத்தாள். சிஜின் திறந்த வாயை மூடினார். நாற்காலியில் உட்கார்ந்தார். காலை ஆட்டிக்கொண்டு பந்தல் தோரணத்தை ரசிக்கத் தொடங்கினார்.

"ஒருதரம்," என்றார் ரசலையன்.

"அண்ணே, கேளுங்கண்ணே!" என்றான் ஷிபு.

"ரெண்டுதரம்."

"அண்ணே, நல்ல மரம்ணே!"

"மூணுதரம்! ஷிபு தம்பிக்கு!"

சபை கைதட்டியது. போதகர் எழுந்து ஷிபுவின் குடும்பத்துக்காகவும் அவனுடைய விசாலமான இருதயத்துக்காகவும் ஜெபித்தார். வாத்து அவன் கைக்கு வந்தது. கழுத்தைச் சாய்த்து அவனையே பார்த்தது.

சிஜின் வந்து தோளில் தட்டினார். "கொள்ளாம், நல்லாருக்கு மக்கா. பாலி போனப்பவே ஒண்ணு வாங்கியிருந்தா சல்லிசா முடிஞ்சிருக்கும். பரவாயில்ல, ஆண்டவருக்க காரியம். இனி இதை ஷோகேஸில வைக்காம வேற எங்க வைப்ப?"

"வச்சிரணும்," என்றார் போதகர். "சனிக்கிழமை வீடு சந்திக்க வாறப்ப நானும் பாக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் ஷிபு வாத்தை ஆன்ஸ்லினிடம் கொடுத்துவிட்டுப் பைக்கை உள்ளே ஏற்றப் போனான். மனதைத் தேற்றிக்கொண்டான். போகட்டும். வெளிநாட்டில் ஒன்றும் வாங்கவில்லை என்ற சொல்லாவது மிச்சம். இது வெளிநாட்டுப் பொருள் இல்லை, கோயில் பொருள். அதோடு பாலியில் நாலில் ஒன்றுக்குக் குறைத்த திறமையை ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போகமுடியாது.

ஹாலுக்குள் வந்தான். ஷோகேஸைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

பாதுகாப்பு வாரக் கேடயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வாத்து. அந்தப் பக்கம் இன்னொரு வாத்து. அதற்கும் பூட்ஸ். சிவப்பு. கேடயத்தை நடுவில் விட்டு ரெண்டும் கழுத்தைச் சாய்த்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏட்டி... இது எங்க இருந்து வந்துது?"

"பிள்ளைக்க பெட்டியில இருந்து."

"டயப்பர்னு சொன்ன?"

"டயப்பரும் இருந்துது."

"இதுக்கு ஆரு பைசா கொடுத்தா?"

"எனக்க சீட்டுப் பைசா." ஆன்ஸ்லின் கண்ணாடிக் கதவைச் சாத்தி ஒரு துடைப்பு துடைத்தாள். "உங்களுக்க தாராவுக்கு மிச்ச விலையும் நான்தான் கொடுத்தேன். நீங்க கால்குலேட்டரைத் தட்டத்தட்ட, நான் பின்னால நின்னு தாறேன் தாறேன்னு கைகாட்டிட்டுல்லா இருந்தேன். இல்லன்னா நீங்க கேட்ட விலைக்கு அந்த அக்கா ஒரு பூட்ஸ்கூடத் தந்திருக்கமாட்டா."

ஷிபு சோபாவில் உட்கார்ந்தான். இபு பார்த்த வானம் எது என்று இப்போது தெரிந்தது. ஜெப்சி அக்காள் இழுத்த சட்டையும் கண்முன் வந்தது. அதைக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பதில் இருக்கும் என்று பயமாக இருந்தது.

"அதெல்லாம் போட்டும்," என்றான் கடைசியாக, மிஞ்சியிருந்த குரலில். "ஒரு தாராவுக்கே இந்தப் பாடு. ரெண்டாவது என்னத்துக்குட்டி?"

ஆன்ஸ்லின் திரும்பி, பெரிய கண்களால் அவனைப் பார்த்தாள்.

"ஒத்தைக்கு நின்னா அது பயப்படும்லா?"